89 பேருக்கு எதிராக ஒரு வோட்டு

மிசிசிப்பி ஆற்றங்கரையில் பருத்திக் காடுகள் சூழ்ந்த ஊர் கிரீன்வில். 1936-ல் மனைவி பெட்டியுடன் அங்கே குடியேறினார் ஹாடிங் கார்ட்டர். அதற்கு முன் லூசியானாவின் ஹேமண்டில் சொந்தமாக ஒரு நாளிதழ் நடத்தி, மாநிலத்தையே கைக்குள் வைத்திருந்த ஹூயி லாங்கை எதிர்த்து எழுதியவர். கிரீன்வில்லில் அவர் தொடங்கிய இதழ், ஊரின் பழைய இதழோடு 1938-ல் சேர்ந்து 'டெல்டா டெமாக்ரட்-டைம்ஸ்' ஆனது.

போர் மேகம் சூழ்ந்ததும் ராணுவத்துக்குப் போனார். புளோரிடாவில் பயிற்சியின்போது வலது கண்ணில் பார்வை போயிற்று. வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்; கெய்ரோவுக்குப் போய்ப் படைவீரர்களுக்கான இதழ்களில் வேலை பார்த்தார்.

1945 ஆகஸ்ட் 27. ஜப்பான் பணிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்றைய தலையங்கத்தில் கார்ட்டர் பேசியது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க வீரர்களுக்காக! அந்த இனத்தவர் சுமார் 1,20,000 பேரை அரசு முகாம்களில் அடைத்துவைத்திருந்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ 442-வது படைப்பிரிவில் இத்தாலியிலும் பிரான்ஸிலும் ரத்தம் சிந்தினார்கள். ஊர் திரும்பும் அவர்களை வெறுத்து ஒதுக்குவது தகாது என்று எழுதினார். சகிப்பின்மைக்கு எதிரான தலையங்கங்களுக்காக 1946-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பெருநகரப் பத்திரிகையாளருக்கு வாசகர் முகம் தெரியாத கூட்டம். சிற்றூரில் அப்படியல்ல. கோபப்படுகிறவர்தான் விளம்பரம் தருகிற கடைக்காரர், எதிர்வீட்டுக்காரரும் அவரே. அங்கே இருந்துகொண்டு எழுதியதுதான் கார்ட்டரின் பெருமை என்பேன்.

1954-ல், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து மிசிசிப்பியில் வெள்ளையர் 'குடிமக்கள் மன்றங்கள்' முளைத்தன. அவற்றைக் கண்டித்து 'லுக்' இதழில் கார்ட்டர் எழுதினார். கொதித்துப்போன மாநிலக் கீழவை, 1955-ல், 89-க்கு 19 என்ற கணக்கில் அவரைப் பொய்யர் என்று தீர்மானமே போட்டுவிட்டது. கார்ட்டர் தம் இதழின் முதல் பக்கத்திலேயே பதில் தீர்மானம் போட்டார்: சட்டமன்றத்தில் 89 பொய்யர்கள் இருக்கிறார்கள், ஆதரவு ஒரு வோட்டு, எதிர்ப்பு பூஜ்யம்.

இவருக்கும் எல்லைகள் இருந்தன. மாற்றம் மெல்ல வரட்டும் என்றவர்; கும்பல் கொலைகளைத் தடுக்க மத்தியச் சட்டம் வேண்டாம் என்று வாதிட்டவர். உயிருக்கு அஞ்சி வாழ்ந்த கறுப்பின மக்களிடம் 'மெல்ல' என்பது கொடிய அறிவுரை. அவர் மகன் மூன்றாம் ஹாடிங் கார்ட்டர் அந்த எல்லையைத் தாண்டினார். அப்பாவின் இதழை ஏற்று நடத்தியவர், 1968 ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த மிசிசிப்பிக் குழுவை அழைத்துச் சென்றவர்களில் ஒருவரானார். அதைப் பார்த்துவிட்டுத்தான், 1972-ல் பெரியவர் கண்மூடினார்.