மழை வந்தது, புல் வரவில்லை

1858-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஹோர்னாடா என்னும் வறண்ட சமவெளியை அளக்க அரசு நில அளவையாளர்கள் போனார்கள். எல்லையை அளந்ததோடு, எங்கே புல் நன்றாக இருக்கிறது, எங்கே புதர் மண்டியிருக்கிறது என்றும் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகளின்படி 90 சதவீதத்துக்கும் மேலான நிலத்தில் நல்ல புல் இருந்தது. 1963-இல் அதே நிலத்தைப் பார்த்தபோது நல்ல புல் இருந்தது கால்வாசிக்கும் குறைவான இடத்தில்தான்!

நடுவில் என்ன ஆயிற்று?

அந்த இடத்தின் முழுப்பெயர் ஹோர்னாடா டெல் முயெர்ட்டோ. ஸ்பானிய மொழியில் 'செத்தவனின் ஒருநாள் பயணம்' என்று சொல்லலாம். தண்ணீர் கிடையாது, அதனால் புல் இருந்தும் மாடுகள் அதிகம் இல்லை. 1880-களில் ரயில் வந்தது. கிணறு தோண்டி, காற்றாடி வைத்து நீர் இறைத்தார்கள். மாடுகள் பெருகின. நிலம் கெடுவதைக் கண்ட வூட்டன் என்ற தாவரவியலாளர் 1908-இல் அதைப் பற்றி ஓர் அறிக்கையே எழுதினார். 1912-இல் அந்தச் சமவெளியின் ஒரு பகுதி ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்டது.

அங்கே முக்கியமான புல் கருப்புக் கிராமா. இதன் குணம் கொஞ்சம் விசித்திரமானது. விதையை நம்பி இது பரவுவது மிகக் குறைவு. தாய்ச்செடியிலிருந்து ஓடுதண்டு நீளும். அதன் கணு மண்ணைத் தொட்டு வேர் பிடித்தால்தான் புதுச் செடி. ஒரு கோடையில் நல்ல மழை பெய்தால் தண்டு ஓடும். அது வேரூன்ற அடுத்த வருடமும் மழை வேண்டும். வருடத்துக்குச் சுமார் 25 செ.மீ. மழையே பெறும் ஊரில் அடுத்தடுத்து இரண்டு நல்ல வருடங்கள் என்பது லாட்டரி மாதிரி.

குளிர்காலத்திலும் இதன் தண்டில் பசுமை இருக்கும். அதனால் மாடுகள் வருடம் முழுக்கக் கடிக்கும். இலை போனால் வேருக்குச் சேமிப்பு இல்லை. அந்த நிலையில் பஞ்சம் வந்தால் தாய்ச்செடியே போய்விடும். பிறகு மழை வந்து என்ன பயன், ஓடுவதற்குத் தண்டு ஏது? அளவோடு மேய்ந்த இடம் பஞ்சத்துக்குப் பின் ஓரளவு தேறியது; மிதமிஞ்சி மேய்ந்த இடம் தேறவே திணறியது. 1934-இல் நெல்சன் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது.

அப்படியானால் எல்லாப் பழியும் மாட்டின் மேலா? அப்படிச் சொல்வதும் சரியல்ல. 1951 முதல் 1956 வரை நீடித்த கடும் வறட்சியில், வேலி போட்டு மாடே நுழையாத இடங்களிலும் கருப்புக் கிராமா செத்தது. வறட்சி மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. அதற்கு முன்பும் அங்கே எத்தனையோ வறட்சிகள் வந்து போயிருக்கும், ஆனாலும் 1858-இல் புல் இருந்ததே.

புல் விட்ட இடத்தை மெஸ்கீட் புதர் பிடித்தது. நம்மூர் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம்தான்! அதன் காயை மாடு தின்னும். விதை சாணத்தோடு வேறிடம் போய் முளைக்கும். வேர் ஆழத்துக்கு இறங்கி, புல்லுக்கு எட்டாத நீரையும் எடுக்கும். புல் இல்லாத வெற்று மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போய்ப் புதரடியில் மேடாகக் குவித்தது. சத்தும் அங்கேயே சேர்ந்தது. இடைவெளியில் மிஞ்சியது கட்டாந்தரை. 1990-இல் ஷ்லெசிங்கரும் அவர் குழுவினரும் இதை விளக்கி எழுதினார்கள்: புதர் வளர வளர நிலம் புதருக்கே ஏற்றதாக மாறுகிறது. மாட்டை வெளியேற்றினாலும் இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை.