எம்ஸ்வொர்த் சிப்பி நோய்ப்பரவல், 1902

எம்ஸ்வொர்த் சிப்பி நோய்ப்பரவல் என்பது, 1902 ஆம் ஆண்டு இறுதியில் தென் இங்கிலாந்தில், சாக்கடை நீர் கலந்த கடலோரப் பகுதியில் வைக்கப்பட்டிருந்த சிப்பிகளைப் பச்சையாக உண்டவர்களுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்ட நிகழ்வாகும். கடலோர நீரில் நோய்க்கிருமிகள் கலப்பது எங்கிருந்து என்பதைத் தேடிக் கண்டறிந்த வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க இடம் பெறுகிறது.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் நிலத்தடிச் சாக்கடைகள் பெருகின. அவற்றின் கழிவு பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே ஆற்றிலும் கடலிலும் விடப்பட்டது. கடல் பரந்தது, எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்று நகராட்சிகள் நம்பின. ஆனால் கரையோரத்தில் வாழும் சிப்பி, ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் நீரை உள்ளிழுத்து வடிகட்டி இரை தேடும் உயிரினம். நீரில் கிருமிகள் இருந்தால் அவையும் அதன் உடலில் சேரும். அதைச் சமைக்காமல் உண்பவருக்கு நோய் வரும்.

முன்னோடி ஆய்வு

1894 ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் கல்லூரி மாணவர் பலருக்கு டைபாய்டு கண்டது, நால்வர் இறந்தனர். அங்கு உயிரியல் பேராசிரியராக இருந்த எச். டபிள்யூ. கான் காரணத்தைத் தேடினார். நோய் கண்டவர்கள் மூன்று மாணவர் சங்கங்களைச் சேர்ந்தவர்களாக இருந்தனர். அச்சங்கங்கள் ஒரே நாளில் நடத்திய விருந்துகளில், ஒரே வணிகரிடம் வாங்கிய சிப்பிகள் பச்சையாகப் பரிமாறப்பட்டிருந்தன. அச்சிப்பிகள் விற்பனைக்கு முன் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் வைக்கப்பட்டிருந்தன. அதற்குச் சில நூறு அடி தொலைவில் ஒரு வீட்டின் சாக்கடை ஆற்றில் விழுந்தது. அந்த வீட்டில் அப்போது டைபாய்டு நோயாளிகள் இருந்தனர். யார் எதை உண்டார், அது எங்கிருந்து வந்தது என்ற இரு கேள்விகளே கானைச் சாக்கடை வரை கொண்டு சென்றன.

இரு விருந்துகள்

1902 நவம்பர் 10 அன்று வின்செஸ்டர், சவுத்தாம்ப்டன் ஆகிய இரு நகரங்களிலும் மேயர் விருந்துகள் நடந்தன. அதன்பின் விருந்தினர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சிலருக்கு டைபாய்டு உறுதியானது. வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குரு டபிள்யூ. ஆர். டபிள்யூ. ஸ்டீபன்ஸ் அந்த டிசம்பரில் இறந்தார்.

இங்கிலாந்தின் உள்ளாட்சி வாரியம் மருத்துவ ஆய்வாளர் டிம்பிரெல் புல்ஸ்ட்ரோடை விசாரணைக்கு அனுப்பியது. அவர் 1890களிலேயே இங்கிலாந்து, வேல்ஸ் சிப்பிப் படுகைகளைப் பார்வையிட்டு அறிக்கை அளித்தவர். வெவ்வேறு ஊர்களில் நடந்த இரு விருந்துகளுக்கும் பொதுவாக இருந்தது எம்ஸ்வொர்த்திலிருந்து வந்த சிப்பிகள். அவ்வூரில் சிப்பி வைத்திருந்த இடங்களுக்கு அருகிலேயே ஊர்ச் சாக்கடைக் குழாய்கள் திறந்திருந்தன.

வழக்கு

எம்ஸ்வொர்த் சிப்பி விற்பனை நின்றது. அதை நம்பியிருந்த மீனவக் குடும்பங்கள் வருமானம் இழந்தன. சிப்பி வணிகர் ஜே. டி. ஃபாஸ்டர், சாக்கடையை விட்ட வார்பிளிங்டன் நகர்ப்புற மாவட்ட மன்றத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அந்த நிலத்திற்கு அவரிடம் முறையான உரிமைப் பத்திரம் இல்லை என்றும், கழிவை நெடுங்காலமாகவே கடலில் விட்டு வருகிறோம் என்றும் மன்றம் வாதிட்டது. 1906 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதங்களை ஏற்கவில்லை. ஃபாஸ்டர் நெடுங்காலம் அனுபவித்து வந்ததே வழக்குத் தொடுக்கப் போதுமானது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சாதகமாக வந்தும் எம்ஸ்வொர்த்தின் சிப்பித் தொழில் பழைய நிலைக்கு மீளவில்லை.

பிற்கால முறைகள்

டைபாய்டு கிருமியை நீரிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுப்பது கடினம். ஆகவே 1885 இல் தியோடோர் எஷெரிக் விவரித்த, குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா, மலக்கழிவு கலந்ததற்கான அடையாளமாகப் பயன்பட்டது. கடல் நீரில் குளிப்பதற்கு 100 மில்லி லிட்டரில் சராசரியாக 35 எண்டரோகாக்கஸ் என்ற வரம்பை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986 இல் பரிந்துரைத்தது.

எனினும் இந்த எண்ணிக்கை மாசு இருப்பதை மட்டுமே சொல்லும். கடற்பறவை, நாய், மாடு ஆகியவற்றின் குடலிலும் இப்பாக்டீரியாக்கள் உண்டு. 2000 ஆம் ஆண்டளவில், மனிதக் குடலுக்கே உரிய பாக்டீராய்ட்ஸ் வகைகளை மரபணுச் சோதனையால் பிரித்தறியும் முறை வந்தது. எனினும், மரபணு முறை கழிவு மனிதருடையதா என்று சொல்லும். எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்பதை அறிய, கானும் புல்ஸ்ட்ரோடும் செய்ததுபோல் கரையோரமாக நடந்து பார்ப்பது இன்றும் தேவைப்படுகிறது.