ஊரில் களை, அயலூரில் அலங்காரம்

பூச்செண்டு கட்டும் கடைகளில் ரோஜாவுக்கும் ஜெர்பெராவுக்கும் நடுவே இடம் நிரப்ப ஒரு மஞ்சள் கொத்தைச் செருகுவார்கள். அதன் பெயர் கோல்டன்ராட். செண்டில் அதற்குத் துணைவேடம்தான். யாரும் அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் கடந்த நானூறு ஆண்டுகளில் அந்தச் செடி மருந்தாக விற்றிருக்கிறது, நோய்க்குக் காரணம் என்று பழி சுமந்திருக்கிறது, ரப்பர் ஆகவும் பார்த்திருக்கிறது.

ஐரோப்பாவுக்கென்று சொந்தமாக ஒரு கோல்டன்ராட் இனம் உண்டு. புண்ணில் வடியும் ரத்தத்தை நிறுத்தும் மூலிகை என்று அதற்கு நல்ல பெயர். 16ஆம் நூற்றாண்டு லண்டனில், மருந்துச் சரக்குக் கடைகள் நிறைந்த பக்லர்ஸ்பரி தெருவில், கடல் கடந்து வந்த அதன் காய்ந்த இலை ஓர் அவுன்ஸ் அரை கிரவுனுக்கு, அதாவது இரண்டரை ஷில்லிங்குக்கு விற்றது. பிறகுதான் அதே செடி ஊர் எல்லையிலேயே, ஹாம்ப்ஸ்டெட் காட்டில் முளைத்துக் கிடப்பது தெரியவந்தது. விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. இப்போது மூட்டையாகக் கொடுத்தாலும் அந்தக் காசுக்கு வாங்க ஆளில்லை என்று ஜான் ஜெரார்டு 1597இல் வெளிவந்த தமது மூலிகை நூலில் எழுதினார். அரிதாக இருக்கும்வரைதான் எதையும் மதிக்கிறோம் என்று ஊராரைக் கொஞ்சம் கடிந்தும் கொண்டார். உள்ளூர் மாடு விலைபோகாது என்பது தேம்ஸ் நதிக்கரைக்கும் பொருந்தியிருக்கிறது. செடியின் குணம் மாறவில்லை, அதன் முகவரிதான் மாறியது. கோல்டன்ராடின் கதை நெடுக இதுவேதான் நடக்கிறது.

உலகில் நூற்றுக்கும் மேற்பட்ட கோல்டன்ராட் இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை வட அமெரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஆளுயரம் வளரும் கனடா கோல்டன்ராட் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கப்பலேறி இங்கிலாந்துத் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. அமெரிக்க விவசாயிக்கு அது மேய்ச்சல் நிலத்துக் களை. ஆங்கிலேயத் தோட்டக்காரருக்கோ இலையுதிர்காலத்தில் பொன்னாகப் பூக்கும் அயல்நாட்டு அதிசயம். பனியில் பட்டுப்போகாது, ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் வேரிலிருந்து தழைக்கும். அந்த உறுதியே தலைவலியும் ஆனது. 1870இல் ‘தி வைல்டு கார்டன்’ நூலை எழுதிய வில்லியம் ராபின்சன், இதைப் பாத்தியில் வைத்தால் பக்கத்துச் செடிகளை விழுங்கிவிடும், காட்டோரத்தில் விட்டுவிட்டால் அழகுக்கு அழகு என்று வழி சொன்னார்.

தாயகத்தில் அதற்குக் கெட்ட பெயர் வேறு சேர்ந்தது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அமெரிக்கர்கள் தும்மித் தீர்க்கும்போது கண்ணில் படுவது வேலியோர மஞ்சள் பூதான். பழி அதன்மேல் விழுந்தது. உண்மைக் குற்றவாளியான ராக்வீட் அதே பருவத்தில், கண்ணுக்கே எடுபடாத பச்சைப் பூக்களோடு பக்கத்தில் நின்றிருந்தது. மாசச்சூசெட்ஸ் மருத்துவர் மோரில் வைமனுக்கே இந்தத் தும்மல் நோய் உண்டு. ராக்வீட் வளராத மலைப்பகுதிக்கு அதை ஒரு பொட்டலமாகக் கட்டி எடுத்துப்போய், அங்கே முகர்ந்து பார்த்துத் தும்மினார். 1872இல் புத்தகமாகவும் எழுதினார். ஆனாலும் கோல்டன்ராடின் மேல் விழுந்த பழி இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

பூவைக் கிட்டத்தில் பார்த்தால் வழக்கு அங்கேயே தள்ளுபடியாகிவிடும். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். அவற்றில் ஒவ்வொன்றும் உண்மையில் பல பூக்கள் சேர்ந்த ஒரு தலை, சூரியகாந்தியைச் சுருக்கி வைத்தாற்போல. மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் அதிக தூரம் பறக்காது, தேனீயின் காலில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் போகும். மற்ற பூக்கள் ஓய்ந்த பிறகு பூப்பதால் குளிர்காலத்துக்கு முன் தேனீக்களின் கடைசிப் பெரிய அறுவடை இது. அந்த வாரங்களில் தேனீப் பெட்டியருகே போனால் துவைக்காத காலுறை வாடை வீசும் என்பது தேனீ வளர்ப்பவர்களின் பழைய வேடிக்கை. தேன் என்னவோ நன்றாகவே இருக்கும், சீக்கிரம் உறைந்துவிடும், அவ்வளவுதான். அந்தத் தேனீயும் அமெரிக்காவுக்கு வந்தேறிதான். 1622இல் ஐரோப்பாவிலிருந்து வர்ஜீனியாவில் இறங்கியது.

இந்தக் கதையில் தமிழருக்கும் ஒரு மூலை உண்டு. 1922இல் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதிக்கு ஆங்கிலேய அரசு வரம்பு கட்டியது. அங்கே தமிழகத்துக் கூலிகள் விடியுமுன் எழுந்து பால்வெட்டிய தோட்டங்களின் ரப்பர் அமெரிக்கச் சந்தையில் விலை எகிறியது. கலங்கிப்போன ஹென்றி ஃபோர்டும் டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோனும் தாமஸ் எடிசனோடு சேர்ந்து 1927இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். உள்ளூர்ச் செடியிலிருந்து ரப்பர் எடுப்பதுதான் நோக்கம். ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மயர்ஸில் சுமார் 17,000 செடி மாதிரிகளைச் சோதித்த எடிசன் கடைசியில் தேர்ந்தது கோல்டன்ராடை. ரப்பர் மரம் பால்தர ஆறேழு ஆண்டு காக்கவேண்டும். இதுவோ ஒரே பருவத்தில் வளரும், இயந்திரத்தால் அறுக்கலாம். இலையில் இருக்கும் ரப்பரைக் கலப்பு முறையில் பெருக்கி, 12 அடி உயரச் செடிகளையும் அவர் வளர்த்தெடுத்தார். 1931இல் அவர் இறந்தார். ரப்பர் விலையும் அதற்குள் சரிந்துவிட்டது. கோல்டன்ராட் ரப்பர் தரத்திலும் மட்டம், பிசுபிசுவென்று இருந்தது. திட்டம் அத்தோடு மங்கியது.

அலபாமாவின் கதை இன்னும் வேடிக்கை. 1927இல் கோல்டன்ராடை மாநில மலராக அறிவித்தார்கள். களையை எப்படி மாநில மலர் என்பது என்று முணுமுணுப்பு எழ, 1959இல் அதை நீக்கிவிட்டு, ஆசியாவிலிருந்து வந்த கமீலியாவை அரியணையில் ஏற்றினார்கள்!

அதே நூற்றாண்டில் அக்கரையில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. தோட்டம் தாண்டிய கனடா கோல்டன்ராட் ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளையும் ரயில் பாதையோரங்களையும் பிடித்துக்கொண்டது. 1935இல் அலங்காரச் செடியாகச் சீனாவுக்குப் போய் அங்கும் வயலோரங்களில் பரவியது. 2008இல் சுவிட்சர்லாந்து அமெரிக்கக் கோல்டன்ராடுகளுக்குத் தடை போட்டது. அந்தத் தடையில் ஐரோப்பாவின் சொந்த இனத்துக்கு மட்டும் விலக்கு. ஹாம்ப்ஸ்டெட்டில் விலையிழந்த அதே செடிக்கு, ஊர்க்காரன் என்ற சலுகை நானூறு ஆண்டு கழித்துக் கிடைத்தது.

இப்போது அமெரிக்க நாற்றுப்பண்ணைகளே கோல்டன்ராடைத் தேனீக்கான செடி என்று விற்கின்றன. வட கரோலினாவில் கண்டெடுத்த ‘ஃபயர்வொர்க்ஸ்’ என்ற வகைக்கு நல்ல கிராக்கி. வளர்க்கப் பெரிய வித்தை வேண்டாம். வெயில் வேண்டும், உரம் வேண்டாம். வளமான மண்ணில் தண்டு நீண்டு சாய்ந்துவிடும். சில ஆண்டுக்கொருமுறை வசந்தத்தில் தூரைப் பிரித்து நட்டால் போதும். பரவக்கூடிய வகையானால் விதை பறக்குமுன் கொத்தை நறுக்கிவிடுவது நல்லது.

தோட்டக்காரரால் திருத்த முடியாத ஒன்றும் இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ள, 1842 முதல் 2014 வரையிலான காய்ந்த கோல்டன்ராட் மாதிரிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. காற்றில் கரியமில வாயு ஏற ஏற, மகரந்தத்தின் புரதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தேனீக்களுக்குப் புரதம் மகரந்தத்திலிருந்துதான் கிடைக்கிறது. பனிக்காலத்துக்குள் நுழையுமுன் அமெரிக்கத் தேனீ பெரும்பாலும் நம்பியிருப்பது இந்தப் பூவைத்தான்.