தன்னையே சோதித்தல்: அமெரிக்காவில் இனத் தப்பெண்ணத்தை அறிந்த வரலாறு

இனப் பாகுபாடு என்பது கொடியவர்கள் சிலரின் குணம் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் ஆழமாக வேரூன்றியிருந்தது. நல்லவர்கள் என்று தம்மைக் கருதிக்கொள்வோரிடமும் தப்பெண்ணம் குடியிருக்கிறது என்பதை வெளிக்காட்டியவை சில எளிய சோதனைகள். அவற்றுள் முந்தியது பொம்மைச் சோதனை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர் 1940களில் 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகள் 253 பேரிடம், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டினார்கள். எது நல்ல பொம்மை, எதோடு விளையாட ஆசை என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். 'உன்னைப் போல இருப்பது எது?' என்று அடுத்துக் கேட்டதும் சிலர் அழுதுவிட்டார்கள். இழிவு செய்யப்படுபவரின் மனத்துக்குள்ளும் அந்த இழிவு புகுந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் என்ற சிற்றூரில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட் தம் வகுப்பைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊரில் எல்லோரும் வெள்ளையர். கறுப்பின மக்களோடு பழகியே இராத அந்தப் பிள்ளைகளிடம் அவர்களைப் பற்றிய இழிவான கருத்துகள் மட்டும் தயாராக இருந்தன. நீலக் கண், பழுப்புக் கண் என்ற இரு பிரிவில் ஒன்று உயர்ந்தது என்று எலியட் அறிவித்தார். உயர்ந்தவர்களுக்குக் கூடுதல் விளையாட்டு நேரம் கிடைத்தது. தாழ்ந்தவர்கள் தூரத்திலிருந்தே தெரியும்படி அடையாளப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். சில மணி நேரத்திலேயே நண்பர்கள் பகைவர்களானார்கள். பின்னர் எலியட் பிரிவுகளைத் தலைகீழாக மாற்றினார்.

இப்பயிற்சியை அவர் ஆண்டுதோறும் நடத்தினார். 1970இல் ஏபிசி தொலைக்காட்சி அதைப் படம்பிடித்தது. அதில் பதிவான ஒரு விவரம் தனியே கவனிக்கத் தக்கது. கழுத்துப்பட்டை அணிந்த நாளில் எழுத்தொலி அட்டைகளைப் படித்து முடிக்க ஐந்தரை நிமிடம் எடுத்துக்கொண்ட பழுப்புக் கண் பிள்ளைகள், பட்டை கழன்ற மறுநாள் இரண்டரை நிமிடத்தில் முடித்தார்கள். ஓர் இரவுக்குள் அவர்களின் அறிவு வளர்ந்துவிடவில்லை. அவர்கள் மேல் இருந்த மதிப்பு மாறியது, அவ்வளவுதான். பெற்றோரின் முன் அனுமதியின்றிச் சிறுவர்களை அழவைத்தது முறையல்ல என்ற கண்டனம் எலியட்டைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் கறுப்பினக் குழந்தைகள் இதே வேதனையை ஒரு நாளல்ல, ஒவ்வொரு நாளும் பட்டார்கள் என்பதைக் கண்டனம் செய்தவர்களில் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

1989இல் உளவியலாளர் பேட்ரிஷியா டெவின் ஒரு முக்கியமான வேறுபாட்டைத் தெளிவாக்கினார். ஒரு சமூகத்தில் புழங்கும் இழிவான கருத்துகள் அங்கே வளரும் எல்லோர் மனத்திலும் பழக்கமாகப் படிந்துவிடுகின்றன. அவற்றை ஏற்காதவர் மனத்திலும் அவை தானாகவே தலைதூக்கும். அவற்றை அடக்க முயற்சி வேண்டும்.

இந்தத் தன்னிச்சையான ஓட்டத்தை அளக்க அந்தோணி கிரீன்வால்ட் 1994இல் ஒரு கணினிச் சோதனையை வடிவமைத்தார். திரையில் முகங்களும் நல்ல, தீய சொற்களும் மாறிமாறி வரும். ஒரு சுற்றில் வெள்ளை முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே விசை, மறு சுற்றில் கறுப்பு முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே விசை. எந்தச் சுற்றில் கை தயங்குகிறது என்பதை மில்லி விநாடிக் கணக்கில் கணினி குறித்துக்கொள்ளும். 1998இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த அச்சோதனை அதே ஆண்டில் இணையத்துக்கும் வந்தது. அதை இணையத்தில் நிறுவியவர்களில் ஒருவர் செகந்தராபாத்தில் பிறந்த மஹ்சரின் பானாஜி. கிரீன்வால்ட், பானாஜி இருவருமே வெள்ளையருக்குச் சார்பான முடிவைப் பெற்றனர். தப்பெண்ணத்தை ஆய்வதையே தொழிலாகக் கொண்ட இருவரும் அதை மறைக்கவில்லை. 2013இல் வெளியிட்ட 'பிளைண்ட்ஸ்பாட்' நூலில் வெளிப்படையாக எழுதினார்கள்.

சோதனைக்குக் குறைகளும் உண்டு. ஒரே மனிதருக்கு வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு முடிவு வரலாம். தனி ஒருவரை எடைபோட இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்தார்கள். எனினும் நிறுவனங்கள் இதைச் சார்ந்த பயிற்சிகளை அவசரமாக வாங்கின. 2018 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவின் ஸ்டார்பக்ஸ் கடை ஒன்றில் தொழில் சந்திப்புக்காகக் காத்திருந்த கறுப்பின இளைஞர் இருவரைக் காவலர் கைது செய்தனர். மே 29 அன்று அந்நிறுவனம் 8,000க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. ஓர் அரை நாள் வகுப்பு பல ஆண்டுப் பழக்கத்தை மாற்றும் என எதிர்பார்ப்பது தவறு. ஏறக்குறைய 500 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியும், இச்சோதனை மதிப்பெண்ணில் ஏற்படும் சிறு மாற்றத்தால் மனிதரின் நடத்தை மாறியதாகத் தெரியவில்லை என்றே கண்டது.

டெவின் குழுவினர் வேறு வழியில் சென்றனர். விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்களிடம் 12 வார ஆய்வு ஒன்றை நடத்தி 2012இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். மனத்தில் இழிவான எண்ணம் எழும் கணத்தைக் கவனித்து மாற்றிக்கொள்வது, எதிரில் இருப்பவரை ஓர் இனமாகப் பார்க்காமல் தனி மனிதராக அறிய முயல்வது, அவர் இடத்தில் தம்மை வைத்துப் பார்ப்பது, பிற இனத்தவரோடு வலிந்து பழகுவது ஆகியவற்றை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். 2017இல் வெளிவந்த தொடர் ஆய்வில், பயிற்சி பெற்றவர்களின் கணினிச் சோதனை மதிப்பெண் மற்றவர்களைவிட மேம்படவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு கழித்து, இன முத்திரை குத்துவதை ஆதரிக்கும் கட்டுரை ஒன்றைப் படித்தபோது, பொதுவெளியில் அதை எதிர்த்துப் பேச முன்வந்தவர்கள் பயிற்சி பெறாதவர்களைவிட அவர்களிடையே அதிகமாக இருந்தார்கள்.