கழுவச் சொன்னது யாரு?

போன வாரம் மெடிக்கல் ஷாப்புக்குப் போனப்போ, பெண்களுக்கான 'இன்டிமேட் வாஷ்' மட்டும் ஒரு தட்டு முழுக்க அடுக்கியிருந்தாங்க. வெள்ளைப்படுறதுன்னாலே அசுத்தம்னு நினைச்சு வளர்ந்தவ நான். கை தானா ஒரு பாட்டிலை எடுத்துடுச்சு. அப்போதான் இந்த எபிசோடுக்காகப் படிச்சிட்டிருந்த கதை ஞாபகம் வந்தது.

1892, ஜெர்மனி. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற காய்ச்சல்ல பெண்கள் செத்துக்கிட்டிருந்த காலம். அதை ஆராய்ந்த ஆல்பர்ட் டோடர்லைன்ங்கிற மகப்பேறு மருத்துவர், யோனித் திரவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஆரோக்கியமான பெண்களிடம் குச்சி வடிவ பாக்டீரியாக்கள் நிறைய இருந்தன. அவை லாக்டிக் அமிலம் சுரக்கின்றன. அந்தப் புளிப்பில் பல நோய்க்கிருமிகளால் தாக்குப்பிடிக்க முடியாது. தயிரைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாக்களோட சொந்தக்காரங்கதான். பேரு லாக்டோபேசில்லஸ்.

சந்தை இதையெல்லாம் காதுல வாங்கலை. 1920-கள்லயே அமெரிக்கப் பத்திரிகைகள்ல லைசால் விளம்பரம் வந்தது. ஆமா, கிருமிநாசினி லைசால்தான்! உள்ளே கழுவலைன்னா கணவன் விலகிப் போயிடுவான்னு பயமுறுத்தினாங்க. கருத்தடை பத்தி வெளிப்படையா பேச முடியாத நாட்கள். 'பெண்கள் சுகாதாரம்'ங்கிற பேர்ல மறைமுகமா அதுக்கும் இதையே வித்தாங்க. அப்போ அதில் கிரெசால் இருந்தது. பலருக்குப் புண்ணாச்சு, சிலர் இறந்தாங்க. கர்ப்பமும் நிக்கலை.

2011-ல் ஜாக் ரவேல் குழு, அறிகுறி எதுவும் இல்லாத 396 பெண்களோட பாக்டீரியாக்களை மரபணு வழியா ஆராய்ந்தது. ஐந்து வகைகள் கிடைச்சன. நாலில் ஏதோவொரு லாக்டோபேசில்லஸ் ஆதிக்கம். ஐந்தாவதில் பலவகைக் கலவை. 'நார்மல்'னா ஒண்ணே ஒண்ணு இல்லைன்னு புரிஞ்சது.

இதுக்கும் கருப்பைவாய்க்கும் என்ன சம்பந்தம்? அங்கே புற்றுநோய் வரக் காரணம் எச்.பி.வி. வைரஸ். 1983-ல் அந்தக் கட்டியில் எச்.பி.வி. 16-ஐக் கண்டுபிடிச்ச ஹாரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் கிடைச்சது. லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் ஆதிக்கம் இருக்கிற பெண்களிடம் எச்.பி.வி. குறைவாகவே காணப்படுதுன்னு பல ஆய்வுகள் சொல்லுது. எது காரணம், எது விளைவுங்கிறது இன்னும் முடிவாகலை. அதனால தடுப்பூசிக்கும் பரிசோதனைக்கும் இது மாற்று கிடையாது.

பாட்டிலை வெச்சிட்டு வந்துட்டேன். வெளியே கழுவத் தண்ணி போதும். உள்ளே கழுவவே வேண்டாம். அரிப்போ, துர்நாற்றமோ, நிறமாற்றமோ இருந்தா போக வேண்டியது டாக்டர்கிட்ட, அந்தத் தட்டுகிட்ட இல்ல.