மூட்டைக்குப் போட்ட பாதை

ராகமையில் பிரிகிற எங்கள் கரையோரப் பாதை 1909இல் நீர்கொழும்பையும் 1916இல் சிலாபத்தையும் தொட்டது. புத்தளத்துக்குக் கோச்சி வர 1926 ஆயிற்று. அதுவரை எங்கள் உப்பும் கொப்பராவும் ஒல்லாந்தர் கால்வாயில், முந்தல் களப்பு வழியாக, பாருப் படகுகளில் ஆடி அசைந்து தெற்கே போயின.

என் வாப்பா உப்பு வியாபாரி. இந்தப் பாதை ஆளுக்காகப் போட்டதல்ல, மூட்டைக்காகப் போட்டது என்பார். வியாபாரப் புத்தி பேசுகிறது என்று உம்மா சிரிப்பார். வரலாறு என்னவோ வாப்பா பக்கம்தான்.

ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வண்டிகள் மோதாமலிருக்க ஸ்டேசனுக்கு ஸ்டேசன் வளையம் மாற்றுவார்கள். கம்பி வளையம், அடியில் தோல் பை, அதற்குள் ஒரு வில்லை. அது கைக்கு வராமல் சாரதி அடுத்த துண்டுப் பாதைக்குள் நுழையக் கூடாது. சிறுவயதில் பாலாவியில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்: ஓடுகிற என்ஜினிலிருந்து ஒரு கை நீளும், மாஸ்டர் தூக்கிப் பிடித்த வளையத்துக்குள் முழங்கைவரை நுழையும், பழைய வளையம் மேடையில் கணகணவென்று உருளும்.

பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. அருவாக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிவரத் தண்டவாளம் வடக்கே நீண்டது. ஆனால் பயணிகள் வண்டி நூர் நகரோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் பெரியநாகவில்லுப் பக்கம் போவது கல் வண்டிதான்.

இங்கிலாந்தில் 1963இல் பீச்சிங் என்பவர் அறிக்கை எழுதி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேசன்களை மூடச் சொன்னார். ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது. இங்கே பயணிகள் வண்டி நூர் நகரோடு நிற்பதை எதிர்க்கவாவது ஓர் அறிக்கை வேண்டாமா? சனம் பஸ்ஸில் ஏறிப் பழகிவிட்டது, அவ்வளவுதான். இத்தனைக்கும் 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறிய மாவட்டம் இது.

2017 ஏப்ரலில் கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். கொழும்புக் குப்பையை அருவாக்காட்டில் புதைக்கும் திட்டம் அதோடு வேகம் பிடித்தது. களனியிலிருந்து கோச்சியிலேயே கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள். குப்பைக்கென்றால் கோச்சி உடனே ஞாபகம் வருகிறது! புத்தளம் வீதிக்கு இறங்கிப் போராடியது. கடைசியில் 2019 ஆகஸ்டில் குப்பை லொறியில் வந்து சேர்ந்தது.

கல்லுக்குப் பாதை இருக்கிறது, குப்பைக்குத் திட்டம் இருந்தது. வண்ணாத்திவில்லுப் பக்கத்துப் பிள்ளைகள் புத்தளத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வர, காலையும் மாலையும் இரண்டு பெட்டி ஓட்டினால் என்ன? புகையிரதத் திணைக்களம்தான் பதில் சொல்ல வேண்டும்.