வெயிலை அளந்தவர்

ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் உமணரின் வண்டித்தொடர் வருகிறது. அவ்வண்டிகளுடன் வந்த மந்தியொன்று உமட்டியரின் புதல்வரோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. அந்நூல் சுட்டும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தை ஒட்டிய பகுதியாக ஆய்வாளர் பலர் கொள்வர். அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார் காட்டும் உமணர் மகளோ நெல்லுக்கு மாற்றாக உப்பைக் கூவி விற்றுச் செல்கிறாள். ஒருத்தி தாயாகவும், மற்றொருத்தி தலைவனின் நெஞ்சைக் கவர்ந்தவளாகவும் நம்முன் நிற்கின்றனர். உப்பைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தது என்ன என்று அப்பாடல்கள் கேட்கவில்லை. அகத்திணைக்கு அது வேண்டாத செய்தி என்று நாம் அமைதி கூறிக்கொள்ளலாம். அறிவியல் வரலாறும் ஏன் வாளா இருந்தது என்பதே வினா.

உப்பு விளைவித்தல் என்பது நுட்பமான தொழில். மழை ஓய்ந்தபின் பாத்தியை மிதித்து இறுக்க வேண்டும். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வற்றவிட வேண்டும். கடல்நீரின் செறிவு போமே அளவியில் ஏறத்தாழ 3 பாகை. அது 25 பாகையைத் தொடும்போது உப்பு மணி கட்டத் தொடங்கும். 29 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் உடன் சேர்ந்து கசக்கும். அதற்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். அளவி இன்று அளத்தில் இருக்கிறது. ஆயினும் பழகிய கண்ணுக்கு நீரின் நிறமே போதும். இத்தனைக்கும் முதலீடு வெயிலும் காற்றும்தாம்.

அவ்வெயிலும் காற்றும் இந்திய நிலப்பரப்பில் எவ்வெவ்விடத்தில் எவ்வளவு என்பதை முறையாக அளந்து நூலாக்கிய பணியின் தலைமைப் பெயர் அன்னா மணி. மரக்காணத்துப் பாத்திகளில் நிற்பவர் யாரும் அப்பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. நம் பட்டதாரிகளுள்ளும் கேட்டவர் சிலரே.

1918 ஆகஸ்டு 23ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர் அவர். எட்டாம் பிறந்தநாளுக்கு வீட்டார் அளிக்க முன்வந்த வைரத் தோடுகளை மறுத்து, பிரித்தானியக் கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பெற்றார் என்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1940இல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. இராமனின் ஆய்வகம் புகுந்தார். அங்கே அவர் ஆய்வுக்கு வாய்த்த பொருள் வைரம்! முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் பதிவு செய்தார். ஒளிப்படத் தகடு ஒன்றுக்குப் பதினைந்து இருபது மணிநேரம் ஒளியூட்ட வேண்டியிருந்தமையால் இரவிலும் ஆய்வகத்திலேயே தங்கினார். தனியொருவராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்.

1945இல் ஆய்வேடு சென்னைப் பல்கலைக்கழகத்திடம் சென்றது. முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. விதி விதிதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சிறப்புநிலை இளங்கலையே போதும் என்று ஆராய்ச்சிக்கு உதவித்தொகை அளிக்கப்பட்ட ஒருவர், ஐந்தாண்டு உழைத்து ஏடு எழுதி முடித்த பின்னர்தானா அவ்விதி நினைவுக்கு வரவேண்டும்? அதே ஆய்வகத்தில் உழைத்த சுனந்தா பாயும் முனைவர் பட்டம் காணாமலே மறைந்தார். பட்டம் இன்றேல் கட்டுரை பொய்யாகிவிடாது. எனினும் பேராசிரியர் பதவிக்கும், மாணவர் பரம்பரைக்கும், அதன்வழி நூல்களில் நிலைபெறும் பெயருக்கும் வாயில் அப்பட்டமே. அன்னா மணியின் ஆய்வேடு பெங்களூரு இராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் தங்கிவிட்டது.

இங்கிலாந்து சென்று வானிலைக் கருவியியல் கற்றுத் திரும்பிய அவர், 1948இல் புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அக்காலத்தில் எளிய வானிலைக் கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்தே வந்தன. ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி அவற்றை இங்கேயே செய்வித்தார். அவர்கீழ்ப் பணியாற்றியோர் 121 ஆடவர். 1957-58இல் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, நாடெங்கும் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவினார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றபின் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி 1980, 1981 ஆண்டுகளில் இரு நூல்கள் வெளியிட்டார். அடுத்துக் காற்றின் விசையை நாடு முழுதும் அளக்கும் பணியில் இறங்கினார். இன்று தென்மாவட்டங்களில் சுழலும் காற்றாலைகளுக்கு அத்தகைய அளவைகளே அடித்தளம். 2001 ஆகஸ்டு 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

பெண் என்பதால் தமக்குத் தடை நேர்ந்ததாக அவர் என்றுமே கூற விரும்பியதில்லை. பெண்ணும் அறிவியலும் என்ற பேச்சையே அவர் பொருட்படுத்தவில்லை. அத்தன்மதிப்பு போற்றத்தக்கது. எனினும் அவர் குறைகூறாமையை அமைப்பு குறையற்றது என்பதற்குச் சான்றாகக் கொள்வது நேர்மையன்று. வசதியான குடியிற் பிறந்து, கேட்ட நூலைப் பெற்று வளர்ந்தவருக்கே இந்நிலை எனில், அளத்தில் நிற்பவள் எந்தத் தாழ்வாரத்தில் விண்ணப்பிப்பாள்?

அவர் ஓய்வு பெற்ற அதே 1976இல் சம வேலைக்குச் சம ஊதியம் வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஒரே வகையான வேலைக்கு ஊதியத்தில் ஆண் பெண் வேற்றுமை கூடாது என்றது சட்டம். உப்பளங்களிலோ உப்பை வாருவது ஆண் வேலை, தலையிற் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது பெண் வேலை என்று பிரித்து, கூலியையும் பிரிக்கும் வழக்கம் நெடுநாளையது. வேலையின் பெயரை மாற்றிவிட்டால் சட்டம் எட்டாது போலும். உப்பின் வெண்மையில் தெறித்து மேலெழும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உப்புநீர் காலை அரிக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலையும் இல்லை.

இவற்றிற்கெல்லாம் தீர்வு இலக்கிய வட்டங்களின் கையில் இல்லை. ஆயின் ஒன்று அவற்றிற்கு இயலும். எந்தக் காற்றில் நீர் விரைந்து வற்றும், எந்த மேகம் பாத்தியைக் கரைக்கும், உப்பு எப்போது பருமணியாகும், எப்போது பொடியாகும் என்பன போன்ற அறிவு அளத்துச் சொற்களில்தான் தங்கியிருக்கிறது. அச்சொற்களைத் தொகுக்கலாம், சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் உடன் எழுதலாம். வைகறையிலேயே அளத்தில் இறங்கும் பெண்கள் வெயில் முற்றியதும் கரையேறி நிழல் தேடி அமர்வர். கேட்கச் செல்வோர்க்கு அந்நேரமே ஏற்றது.